மாமியின் கைத்தொலைபேசியில் தெரிய வேண்டும்: கணினித் திரையைப் பதிவு செய்யப் பழகுவோருக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் கணினி வகுப்பு எடுக்கிறவன் என்பதால், உறவுக்குள் யாருடைய கணினி இடக்குச் செய்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். களுவாஞ்சிக்குடி மாமி ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக் கடிதங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அப்படியே வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புவார். வாங்கியவர்களுக்குத் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குப்பை கொட்டினாற்போல் தெரியும். பாமினியில் உண்மையில் அடிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அது தமிழாக வேடம் போடும். எந்தக் கணினியிலும் தொலைபேசியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாறுங்கள் மாமி என்று தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். இருவருக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பிறகு, விண்டோஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பது எப்படி என்று என் கணினித் திரையையே காணொளியாகப் பதிவு செய்து அனுப்பினேன். ஏழு நிமிடம். பெருமையாகத்தான் அனுப்பினேன். மறுமொழி வந்தது: "மனே, எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ ஓடுகிறது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நீ கதைப்பது மட்டும் கேட்கிறது, அதற்குப் பின்னால் மழையும் கேட்கிறது."

இந்தக் கட்டுரை அந்த மறுமொழியிலிருந்து பிறந்தது. திரையைப் பதிவு செய்வதற்கு எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசிக் கேள்வி. யார், எந்தத் திரையில், என்ன செய்துகொண்டே பார்க்கப்போகிறார் என்பது முதற்கேள்வி.

ஒரு காணொளிக்கு ஒரு வேலை

இவ்வகைக் காணொளிக்கு ஆங்கிலத்தில் ஸ்கிரீன்காஸ்ட் என்று பெயர். 2004இல் ஜோன் உடெல் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர், இதை என்ன சொல்லி அழைக்கலாம் என்று தன் வாசகர்களிடம் கேட்டு, வந்த பெயர்களில் இதைத் தேர்ந்தெடுத்தார். நாம் திரைப்பதிவு என்றே வைத்துக்கொள்வோம்.

புதியவர்கள் செய்கிற முதற்பிழை, ஒரு மென்பொருளை முழுவதுமாகக் காட்டப் புறப்படுவது. "எக்செல் அறிமுகம்" என்று ஒரு மணி நேரம் பதிவு செய்தால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். "கடைக் கணக்கில் ஒரு நிரலை எப்படிக் கூட்டுவது" என்று மூன்று நிமிடம் பதிவு செய்தால், தேவைப்படுகிறவர் தேடி வந்து பார்ப்பார். தலைப்பை "எப்படி" என்ற சொல்லோடு ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வாக்கியத்துக்குள் "மற்றும்" நுழைந்தால் அது இரண்டு காணொளி.

அடுத்து, பதிவு எதுவும் இல்லாமல் அந்த வேலையை இரண்டு தடவை செய்து பாருங்கள். மூன்றாம் தடவை ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரி என்று கொப்பியில் எழுதுங்கள். மாமிக்கான இரண்டாவது காணொளிக்கு நான் எழுதிய கொப்பி இப்படி இருந்தது:

ஸ்டார்ட் பொத்தான், செட்டிங்ஸ்.
இடப்பக்கப் பட்டியலில் டைம் அண்ட் லாங்குவேஜ்.
லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்.
அட் எ லாங்குவேஜ். பெட்டியில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் தேடுதல்.
வரும் பட்டியலில் தமிழ், அடைப்புக்குறிக்குள் ஸ்ரீலங்கா. நெக்ஸ்ட், இன்ஸ்டால்.
தமிழ் என்ற வரியின் வலக்கோடியில் மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஒப்ஷன்ஸ்.
அட் எ கீபோர்ட்: தமிழ் 99 அல்லது தமிழ் அஞ்சல்.
விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து: மொழி மாறுகிறது.
நோட்பேடில் "அம்மா" என்று அடித்துக் காட்டுதல்.

ஒன்பது வரி. முதற்காணொளியில் ஏழு நிமிடம் எடுத்த வேலை, இந்தக் கொப்பியோடு மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. இடைப்பட்ட மூன்றரை நிமிடமும் நான் "ஆ... எங்கே வைத்தான்கள்" என்று தேடிய நேரம்தான். இது விண்டோஸ் 11இன் வழி. விண்டோஸ் 10இல் பெயர்களும் இடங்களும் சற்று மாறும். எந்தப் பதிப்பு என்பதைக் காணொளியின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், தன் கணினியில் இல்லாத பொத்தானைத் தேடி ஒருவர் அரை நாளைத் தொலைப்பார்.

எழுத்தைப் பெருப்பித்துக்கொள்ளுங்கள்

மாமி ஏன் எறும்பு என்றார்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மடிக்கணினியின் திரை 15.6 அங்குலம்; அதன் அகலம் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர். மாமி கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறார். அதில் காணொளியின் அகலம் சுமார் 7 சென்ரிமீற்றர். என் திரையில் இருந்த எழுத்து அவர் கையில் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினாலும் பாதிக்கும் குறைவுதான். நம் பக்கத்தில் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் மவுஸ். அவருக்காகத்தான் பதிவு செய்கிறோம்.

ஆகவே பதிவைத் தொடங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் ஸ்கேல் என்ற தெரிவு இருக்கும். அதை 150 வீதமாக்குங்கள். திரையில் உள்ள எல்லாமே பெருக்கும். உலாவியில் காட்டுவதானால் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தி அங்கும் பெருப்பிக்கலாம். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுங்கள். விண்டோஸ் 11இல் அது அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் ஓடும் சின்ன வெள்ளை அம்பை நீங்கள் காண்பது, உங்கள் கையே அதை நகர்த்துவதால். பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் நெருக்கமாகக் காட்ட வேண்டிய இடங்களுக்கு ஸூம்இட் என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. கண்ட்ரோலுடன் 1ஐ அழுத்தினால் அம்பு நிற்கும் இடம் பெரிதாகும். கண்ட்ரோலுடன் 2 அழுத்தினால் திரைமேலேயே சிவப்புக் கோடு போட்டு வட்டமிட்டுக் காட்டலாம். எஸ்கேப் விசையால் வெளியே வரலாம். கரும்பலகையில் வட்டம் போட்டுப் பழகிய ஆசிரியர்களுக்கு இதை ஒரு தடவை காட்டினால் போதும், பிறகு விடமாட்டார்கள்.

சோதனை எளிது. பத்து விநாடி பதிவு செய்து உங்கள் தொலைபேசிக்கு அனுப்பி, அதை நிமிர்த்திப் பிடித்துக் கை நீட்டிய தூரத்தில் வைத்து வாசியுங்கள். வாசிக்க முடியவில்லையென்றால் இன்னும் பெருப்பியுங்கள்.

திரையைக் கூட்டித் துடையுங்கள்

விருந்தாளி வரும்போது வீட்டுக்குச் செய்வதைத் திரைக்கும் செய்ய வேண்டும். பின்னணிப் படத்தை ஒற்றை நிறமாக்குங்கள். மேசைத்தளத்தில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் தள்ளுங்கள். அறிவித்தல்களை நிறுத்துங்கள்: விண்டோஸ் 11இல் டூ நொட் டிஸ்டர்ப், விண்டோஸ் 10இல் போக்கஸ் அசிஸ்ட். கணினியில் திறந்திருக்கும் வட்ஸ்அப்பை மூடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் பட்டுத் தெளிந்தேன். வகுப்பு மாணவர்களுக்கு ஒரு காணொளியை உற்சாகமாகப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, திரையின் வலது கீழ் மூலையில் ஒரு செய்தி எழும்பியது: "சீட்டுக் காசு எப்போது தருவாய்?" அதைக் கவனிக்காமல் குழுவில் போட்டுவிட்டேன். அடுத்த வகுப்பில் பின்வாங்கில் இருந்த பொடியன் மிக மரியாதையாக, "சேர், சீட்டுக் காசு குடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டான்.

சிரிக்க முடியாத விடயங்களும் உண்டு. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், மின்னஞ்சல் முகவரி, உலாவி தானாக நிரப்பும் பெயரும் கடவுச்சொல்லும், சங்க உறுப்பினர்களின் தொலைபேசி இலக்கங்கள்: எல்லாம் திரையில் ஒரு கணம் வந்து போகும், காணொளியில் நிறுத்தி வாசிக்கலாம். பதிவுக்கென்று விண்டோஸில் இன்னொரு பயனர் கணக்கை உருவாக்கி வைப்பதுதான் நான் கண்ட நல்ல வழி. அதில் சொந்த விடயம் எதுவும் இருக்காது. பயிற்சிக்கான கோப்புகளில் கற்பனைப் பெயர்களையும் கற்பனைத் தொகைகளையும் போடுங்கள். தப்பித் தவறி உண்மையான இலக்கம் பதிவாகிவிட்டால் அந்த இடத்தை மங்கலாக்கி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்வதே விரைவு.

இனி, மென்பொருள்

உங்கள் கணினியிலேயே ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்கலாம். விண்டோஸ் 10இலும் 11இலும் விண்டோஸ் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தினால் கேம் பார் திறக்கும். விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். கோப்பு வீடியோஸ் கோப்புறைக்குள் கேப்சர்ஸ் என்ற இடத்தில் விழும். ஆனால் இது விளையாட்டுகளைப் பதிவு செய்யப் பிறந்தது. ஒரு செயலியின் விண்டோவை மட்டுமே பிடிக்கும். மேசைத்தளத்தையோ பைல் எக்ஸ்புளோரரையோ பிடிக்காது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் இப்போது காணொளிப் பதிவும் வந்துவிட்டது. திரையில் ஒரு சதுரத்தை வரைந்து அதற்குள் நடப்பதை மட்டும் பிடிக்கலாம். மெக் கணினியில் கமாண்ட், ஷிப்ட், 5. அண்ட்ரொய்ட் 11 முதல் கைத்தொலைபேசியின் திரைப்பதிவும் உள்ளேயே வருகிறது. ஐபோனில் அதற்கும் முன்பே, 2017இன் ஐஓஎஸ் 11 முதல்.

தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோவைப் பழகுங்கள். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2012இல் தொடங்கியது. காணொளிமேல் தன் பெயரை முத்திரை குத்தாது, பத்து நிமிடத்தில் பதிவை நிறுத்திக் காசு கேட்காது. முதற்பார்வைக்கு விமானியின் அறை போல் இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியவை நான்கைந்து பொத்தான்கள்தான்.

நிறுவி முதல் தடவை திறக்கும்போது, நேரலைக்கா பதிவுக்கா என்று கேட்கும். பதிவு என்று சொல்லுங்கள். கீழே சோர்சஸ் என்ற பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி டிஸ்ப்ளே கேப்சரைச் சேர்த்தால் முழுத்திரையும் வரும். விண்டோ கேப்சரைச் சேர்த்தால் நீங்கள் தெரிவு செய்யும் ஒரு விண்டோ மட்டும் வரும். புதியவர்களுக்கு நான் டிஸ்ப்ளே கேப்சரைத்தான் சொல்வேன். விண்டோ கேப்சரில் சில பட்டியல்களும் சிறு பெட்டிகளும் தனி விண்டோவாகத் திறப்பதால் பதிவில் வராமல் போய்விடும். எதையோ கிளிக் செய்கிறீர்கள், என்ன என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சேர்த்தபின் திரை கறுப்பாகவே இருந்தால், பெரும்பாலும் அது இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினியாக இருக்கும். விண்டோஸின் டிஸ்ப்ளே பகுதியில் கிராபிக்ஸ் என்ற இடத்துக்குப் போய் ஓபிஎஸ் எந்தச் சில்லில் ஓட வேண்டும் என்பதை மாற்றிப் பாருங்கள்.

செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போங்கள். பேஸ் (திரையின் அளவு) என்றும் அவுட்புட் (பதிவாகும் அளவு) என்றும் இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள். பழைய மடிக்கணினிகளில் திரை 1366க்கு 768. அதை 1280க்கு 720 ஆகச் சுருக்கிப் பதிவு செய்தால் எழுத்தின் விளிம்பெல்லாம் மங்கிவிடும். திரைப்படத்துக்கு அது பொருட்டில்லை, எழுத்துக்குப் பொருட்டு. விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) தாராளம். கணினி திணறினால் 20 போதும். நாம் கிரிக்கெட் ஒளிபரப்பவில்லை.

அவுட்புட் பகுதியில் கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்பட வேண்டும், எந்த வடிவில் என்று கேட்கும். இந்த வடிவு என்கிற விடயத்தில் சற்று நில்லுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் என்னிடம் இருந்தது மேசைக் கணினி. நாற்பது நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து முடிக்கப்போகும் நேரம் மின்சாரம் போனது. நான் எம்பி4 வடிவைத் தெரிவு செய்து வைத்திருந்தேன். வழக்கமான எம்பி4 கோப்பு, தனக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு நிற்கும்போதுதான் எழுதும். அட்டவணை எழுதப்படாத கோப்பு, பக்க எண்ணும் கட்டும் இல்லாமல் காற்றில் பறந்த கொப்பித் தாள் மாதிரி. கோப்பு இருந்தது, திறக்கவில்லை. எம்கேவி வடிவில் பதிவு செய்திருந்தால் மின்சாரம் போன கணம் வரை எல்லாம் தப்பியிருக்கும். அதனால் எம்கேவியில் பதிவு செய்து, பிறகு ஓபிஎஸ்ஸின் பைல் பட்டியலில் ரீமக்ஸ் ரெக்கோர்டிங்ஸ் என்பதைக் கொண்டு எம்பி4 ஆக்குங்கள். தரம் குறையாது, நிமிடத்துக்குள் முடியும். அண்மைய பதிப்புகளில் ஹைபிரிட் எம்பி4 என்று ஒன்று வந்திருக்கிறது. அதுவும் மின்வெட்டைத் தாங்கும்.

கோப்பின் பருமனை முன்கூட்டியே கணக்கிடலாம். அவுட்புட் பகுதியில் பிட்ரேட், அதாவது ஒரு விநாடிக் காணொளிக்குச் செலவாகும் தரவு, 2500 கிலோபிட் என்றால், எட்டால் வகுத்து அறுபதால் பெருக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 மெகாபைட். ஐந்து நிமிடக் காணொளி 95ஐ நெருங்கும். இதைப் பென்ட்ரைவில் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எப்ஏடி32 முறையில் போர்மட் செய்யப்பட்ட பென்ட்ரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது, பென்ட்ரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும்.

குரல்

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுப்பார்கள். குரல் சரியில்லையென்றால் ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். மடிக்கணினியோடு வரும் மைக், விசைகளைத் தட்டும் சத்தத்தையும் உள்ளே சுழலும் விசிறியையும் உங்கள் குரலுக்குச் சமமாகக் கேட்கும். கைத்தொலைபேசியோடு வந்த சாதாரண வயர் ஹெட்செட் போதும். அதன் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் உரசாமல் இருக்கட்டும். ஹெட்செட் பாவித்தால் எதிரொலியும் வராது.

ஓபிஎஸ்ஸின் ஓடியோ மிக்ஸரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை துள்ளும். சாதாரணமாகக் கதைக்கும்போது அது மஞ்சளைத் தொட வேண்டும், சிவப்புக்குள் போகக்கூடாது. கணினியின் சொந்த ஒலி தேவையில்லையென்றால் டெஸ்க்டொப் ஓடியோவை ஊமையாக்குங்கள். மைக்கின் பில்டர்ஸ் பகுதியில் நொய்ஸ் சப்ரெஷனைச் சேர்த்தால் விசிறியின் இரைச்சல் குறையும். முழுவதும் அதை நம்பியிருக்காதீர்கள். விசிறியையே நிறுத்துவது மேல். மட்டக்களப்பு வெயிலில் ஐந்து நிமிடம் விசிறி இல்லாமல் இருப்பது தவம்தான், காணொளி சுருக்கமாக அமைய அதைவிட நல்ல காரணம் கிடையாது.

வெளிச் சத்தத்துக்கு நேரசூசி போட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் காலையும் மாலையும் பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை இசைத்துக்கொண்டு வரும். பாங்கு நேரமும் கோயில் பூசை நேரமும் யாருக்கும் தெரிந்தவை. அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பிடியுங்கள். கார்த்திகை, மார்கழி மழை சீற் கூரையில் விழத் தொடங்கினால் மைக்கை மூடி வைத்துவிட்டுக் கொப்பி எழுதும் வேலையைப் பாருங்கள். நான் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் பதிவு செய்கிறேன். துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்தால் அறையின் முழக்கம் அடங்கும். மனைவிக்கு இது இன்னும் வேடிக்கை.

கையும் வாயும் ஒன்றாக ஓடக்கூடாது

பதிவு செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியது ஒரு வரிசை: முதலில் சொல்லுங்கள், பிறகு அம்பைக் கொண்டுபோங்கள், பிறகு கிளிக் செய்யுங்கள், பிறகு இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த இரண்டு விநாடி உங்களுக்கு யுகமாகத் தோன்றும். பார்ப்பவருக்கு அது காணொளியை நிறுத்திவிட்டுத் தன் கணினியில் அதையே செய்ய விரல் போகும் நேரம்.

"இங்கே அழுத்துங்கள்", "இதற்குள் போங்கள்" என்று சொல்லாதீர்கள். மாமி தன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உங்கள் குரலை மட்டும் கேட்கிறார். அவருக்கு "இங்கே" என்பது எங்கே? "தமிழ் என்று எழுதியிருக்கும் வரியின் வலக்கோடியில், ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக மூன்று புள்ளி இருக்கிறது, அதை அழுத்துங்கள்" என்று சொல்லுங்கள். நீளமாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் விளங்கும்.

சொற்களைப் பற்றி எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸை அமைப்புகள் என்று தூய தமிழில் சொல்ல வேண்டும் என்பார்கள். தமிழ்மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்போது நான் அமைப்புகள் என்றால், மாமி அந்தச் சொல்லைத் திரையில் தேடுவார். பொத்தானில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள். அது எதற்கு என்பதை நல்ல தமிழில் விளக்குங்கள். திரை தமிழில் இருந்தால் தமிழ்ச் சொல்லையே சொல்லலாம், அப்போது எந்த வழக்கும் இல்லை.

அம்பைத் தேவையில்லாமல் சுழற்றாதீர்கள். நாம் யோசிக்கும்போது கை தானாக மவுஸை வட்டமடிக்கும். பார்ப்பவர் அந்த வட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று உற்றுப் பார்ப்பார். வேலை இல்லாதபோது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடுமாறினால் பதிவை நிறுத்த வேண்டாம். வாயை மூடி, ஒரு தடவை பலமாகக் கை தட்டி, இரண்டு விநாடி விட்டு, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். வெட்டித் தொகுக்கும்போது ஒலிக்கோட்டில் கைதட்டு ஒரு பனைமரம் போல் நிமிர்ந்து நிற்கும். பிழை எங்கே என்று முழுவதையும் கேட்டுத் தேட வேண்டியதில்லை.

வெட்டுவதும் அனுப்புவதும்

வெட்டித் தொகுக்க ஷொட்கட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். இணையம் இல்லாமலே வேலை செய்யும். எஸ் விசை காணொளியைப் பிளக்கும். எக்ஸ் விசை வேண்டாத துண்டை நீக்கி இடைவெளியையும் மூடிவிடும். இந்த இரண்டு விசைகளால் வேலையில் பெரும்பங்கு முடிந்துவிடும். கைத்தொலைபேசியிலும் கேம் பாரிலும் எடுத்த பதிவுகளில் சட்டக வேகம் சீராக இருக்காது; தொகுக்கும்போது குரல் ஓரிடத்தில், கிளிக் ஓரிடத்தில் என்று விலகிப் போகலாம். அவ்வாறான கோப்பைத் திறந்தால் ஷொட்கட் மாற்றித் தரவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். சுழலும் தலைப்பு, பறக்கும் எழுத்து, பின்னணி இசை ஒன்றும் வேண்டாம். ஒரு சலூன் கடைக் கண்ணாடியில் ஒட்டின மாதிரி அலங்காரம் செய்த காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். முப்பது விநாடி கழித்துத்தான் பாடம் தொடங்கும்.

வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது கோப்பை நசுக்கி எழுத்தைக் குழப்பிவிடும். டொக்கியுமென்ட் என்று இணைத்து அனுப்பினால் உள்ளபடி போகும். வாங்குகிறவரின் டேட்டாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். யூடியூப்பில் ஏற்றுவதானால், தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து உறுதிப்படுத்தாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. நம் மூன்று நிமிடத்துக்கு அது தடையில்லை. அன்லிஸ்டட் என்று வைத்தால் இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்ப்பார். விவரப் பகுதியில் 0:00 என்று தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரத்தை எழுதினால், பார்ப்பவர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேரே தாவலாம். குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது. கோப்பின் பெயரில் மென்பொருளின் பதிப்பையும் மாதத்தையும் போட்டு வையுங்கள். ஒரு வருடத்தில் பொத்தான்கள் இடம் மாறும், எந்தக் காணொளி பழையது என்று அப்போது தெரிய வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் முன் ஒருவரிடம் சோதியுங்கள். அந்த வேலை தெரியாத ஒருவராக இருக்க வேண்டும். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்த இடத்தில் பின்னுக்கு இழுத்துப் பார்க்கிறார் என்பதைக் கொப்பியில் குறியுங்கள். உங்களுக்கு உதவி செய்யக் கை துடிக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காணொளியோடு நானே களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்தார். எறும்பு இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி ஏழாம் வரி வரைக்கும் வந்துவிட்டார். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் அழுத்தும் இடத்தில் நான்கு தடவை பின்னுக்கு இழுத்தார். விசைகளின் பெயரைச் சொன்ன நான், விசைப்பலகையில் அவை இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. திரைப்பதிவில் விசைப்பலகை தெரியவும் தெரியாது.

"விண்டோஸ் விசை என்றால் எது மனே, இந்த யன்னல் படம் போட்டதா?"

வாயைத் திறக்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டேன்: எட்டாம் வரி, கீழ் வரிசையில் இடப்பக்கம், யன்னல் படம் போட்ட விசை, மறுபடி பதிவு, நாளை ஐந்தரை.